வீட்டோடு கார் ஷெட்: எந்த வகை எவ்வளவு இழுக்கும், கொட்டேஷனில் எது விடுபடும்

கார் ஷெட் சேர்க்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் எந்தக் கட்டுமானக்காரரும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்குச் சொல்வார். அந்த ஒற்றை எண்ணை வைத்து இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடுவது ஆபத்து. ஒரு காருக்கான 12-க்கு 20 அடி ஷெட்டின் பரப்பு 240 சதுர அடி, சுற்றளவு 64 அடி. இரண்டு காருக்கான 20-க்கு 20 ஷெட்டின் பரப்பு 400 சதுர அடி, சுற்றளவு 80 அடி. பரப்பு மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது, சுவரோ கால் பங்குதான் கூடுகிறது. ஆகவே சின்ன ஷெட்டுக்குச் சதுர அடி விலை எப்போதும் அதிகமாகத் தெரியும், பெரியதற்குக் குறைவாகத் தெரியும். அதை வைத்து இவர் மலிவு, அவர் விலை என்று முடிவுகட்டக் கூடாது.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரிவது சுவரும் கூரையும் கதவும்தான். கையைக் கடிப்பது தரைக்குக் கீழே போகும் வேலையும், பழைய வீட்டோடு புதுக் கட்டடம் சேரும் இடமும். கீழே வரும் நான்கு வகைகளையும் அந்த இரண்டையும் மனதில் வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் அளவு

வரைபடத்தில் 10 அடி அகலம் போதுமென்று தோன்றும். அது வெளியளவு என்றால் இருபுறமும் 9 அங்குலச் சுவர் போக உள்ளே 8½ அடிதான் மிஞ்சும். நடுத்தரக் காரின் உடல் அகலமே சுமார் 6 அடி. மிச்சமிருக்கும் 2½ அடியை இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டால் எந்தக் கதவும் முழுதாகத் திறக்காது. உள்ளளவு 10 அடிக்குக் குறையவே கூடாது. 11 முதல் 12 வரை இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம். நீளம் உள்ளளவில் 18 அடி குறைந்தபட்சம், 20 அடி வசதி. வாசல் 8 அடி அகலம் போதும் என்பார்கள், 9 அடி வாங்குங்கள். உயரம் 7 அடி. கூரையில் கேரியர் வைத்த உயரமான வண்டி என்றால் 8 அடி.

அகலத்தில் ஓர் அடி கூட்டினால் தரையிலும் கூரையிலும் 20 சதுர அடி கூடும். சுவரில் கூடுவது முன்னும் பின்னுமாக 2 அடி நீளம் மட்டும். கதவு, மின் இணைப்பு, ஆள் கூலியின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஷெட்டில் இதைவிட மலிவாகக் கிடைக்கும் வசதி வேறில்லை. பிற்பாடு அகலப்படுத்துவது என்பது இடித்துக் கட்டுவதுதான்.

திறந்த கூரை

நான்கு தூண், மேலே ஷீட். செலவில் இதுதான் ஆகக் குறைவு. வெயிலிலிருந்து வண்டியைக் காப்பது மட்டும்தான் தேவை என்றால் இதற்கு மேல் போகத் தேவையில்லை.

ஆனால் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாத ஓர் இடம் உண்டு: தூணின் அடி. 240 சதுர அடிக்கு 0.5 மி.மீ. இரும்பு ஷீட்டின் மொத்த எடை சுமார் 100 கிலோதான். காற்று அடிக்கும்போது இந்தக் கூரை கீழே அமுங்குவதில்லை, மேலே எழும்பவே பார்க்கிறது. பக்கச் சுவர் இல்லாததால் காற்று அடியில் புகுந்து தூக்கும். ஏற்கெனவே இருக்கும் தளக்கல்லின் மேலோ, மெல்லிய கான்கிரீட்டின் மேலோ பேஸ் பிளேட்டை (தூணின் அடியில் பற்றவைத்த இரும்புத் தகடு) வைத்து நான்கு போல்ட் அடித்துவிட்டுப் போவது பரவலாக நடக்கிறது. புயல் காற்றில் போல்ட் பிடுங்கிக்கொண்டு வருவது இப்படிப்பட்ட ஷெட்டுகளில்தான். ஒவ்வொரு தூணுக்கும் 1½-க்கு 1½ அடி குழி, 2½ அடி ஆழம் என்று கான்கிரீட் நிரப்பினால் ஒரு தூணுக்கு ஏறத்தாழ 5½ கன அடி, எடை 380 கிலோ அளவில் வரும். நான்கு தூணிலும் சேர்த்து ஒன்றரை டன். காற்று பலமாக வீசும் இடமென்றால் அதற்கு மேலும் தேவைப்படும், பொறியாளரிடம் கணக்குக் கேட்க வேண்டும். கொட்டேஷனில் தூண் குழியின் அளவு எழுதப்படவில்லை என்றால், அந்த வேலை சேர்க்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெடிமேட் இரும்பு ஷெட்

தொழிற்சாலையில் வெட்டித் துளையிட்டு வரும் கிட். தரை தயாராக இருந்தால் ஓரிரு நாளில் நிற்க வைத்துவிடலாம். விலைப்பட்டியலில் பார்க்கும் தொகை கவர்ச்சியாக இருக்கும். அதில் தரை, நங்கூர போல்ட், மழைநீர்க் குழாய், மின்வேலை எதுவும் பெரும்பாலும் இருக்காது. இவற்றைச் சேர்த்த பிறகுதான் மற்ற வகைகளோடு ஒப்பிட வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது ஷீட்டின் தடிமன், அதுவும் வெறும் இரும்பின் தடிமன். பூச்சோடு சேர்த்து 0.5 என்று சொல்லிவிட்டு உள்ளே 0.45 கொடுப்பது சகஜம். பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் இடைவெளி 4 முதல் 5 அடிக்குள் இருக்க வேண்டும்; அதைத் தாண்டினால் ஷீட் மேல் ஆள் ஏறும்போது நெளியும், நெளிந்த இடத்தில் தண்ணீர் நிற்கும்.

கிட் வகையில் அதிகம் கெடுவது தரையின் மூலமட்டத்தால், அதாவது மூலைகள் செங்கோணமாக அமையாததால். மேஸ்திரி கண்மதிப்பில் தரை போட்டிருந்தால் துளைகள் சேராது. பிறகு களத்தில் வெல்டிங், அந்த இடத்தில் பூச்சு எரிந்து துரு. தரை போடும் முன் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். 12-க்கு 20 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 23 அடி 4 அங்குலம் வர வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தரையின் ஓரத்தில் கட்டிய பலகையை நகர்த்திவிட்டுத்தான் கான்கிரீட். அதிகாலைக் குளிரில் ஷீட்டின் அடிப்பக்கம் வியர்த்து வண்டி மேல் சொட்டும். அதற்குக் கூரைக்கு அடியில் இன்சுலேஷன் விரிப்பு வேண்டும். பிறகு போடுவதென்றால் ஷீட்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

கொடுத்த பணத்துக்கு நேர்மையான பலன் தரும் வகை இது. வீட்டிலிருந்து தள்ளி நிறுத்த இடம் இருந்தால் இதுவே எங்கள் முதல் தேர்வு.

தனியாக நிற்கும் கட்டடம்

ஹாலோ பிளாக் சுவர், மேலே ஷீட்டோ கான்கிரீட் தளமோ. நான்கு பக்கமும் சுவர் கட்ட வேண்டும் என்பதால் சுவர்ச் செலவு கூடும், ஆனால் பழைய வீட்டைத் தொடவே வேண்டாம் என்ற நிம்மதி அதற்கு ஈடு. மழையில் நனைந்துகொண்டு நடக்க வேண்டியிருப்பது ஒன்றுதான் குறை.

வீட்டுச் சுவரை ஒட்டிய ஷெட்

பெரும்பாலானோர் கேட்பது இதைத்தான். ஒரு சுவர் ஏற்கெனவே இருக்கிறது, எனவே மலிவு என்ற எண்ணம். கணக்கில் அது சரி: சுற்றளவு 64 அடியிலிருந்து 44 ஆகக் குறைகிறது. முன்பக்கம் 9 அடி வாசல் போக 35 அடி நீளம், 8½ அடி உயரம் என்றால் சுமார் 300 சதுர அடிச் சுவர். 400-க்கு 200 மி.மீ. முகம் கொண்ட பிளாக்கில் ஒரு சதுர மீட்டருக்கு 12½ கல் வீதம் ஏறத்தாழ 350, உடைசலோடு 365 கல். சுவரில் மிச்சமாகும் இந்தப் பணத்தை வேறு நான்கு இடங்கள் வாங்கிக்கொள்கின்றன.

ஒன்று, கடைக்கால். பழைய வீட்டின் அஸ்திவாரம் மண்ணில் இறங்க வேண்டிய அளவு இறங்கி முடிந்தது. புதியது இனிமேல்தான் இறங்கும். புதுச் சுவரைப் பழைய சுவரில் பல் வெட்டிப் பிணைத்தால் ஓரிரு மழைக்காலத்தில் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாகவோ குறுக்காகவோ விரிசல் ஓடும். சிமெண்ட் பூசி அடைத்தால் மறுபடி திறக்கும். பிணைக்காமல் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விட்டு, தெர்மோகோல் பலகை வைத்து, வெளிமுகத்தில் இழுபடும் சீலண்ட் அடைப்பதுதான் முறை. கூரையின் பாரத்தையும் பழைய சுவரில் ஏற்றக் கூடாது, பக்கத்தில் தனித் தூண் வேண்டும். அங்கேதான் சிக்கல். பழைய அஸ்திவாரம் சுவரைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் புதுக் குழி விழுந்தால் இரண்டுக்கும் கேடு. தூணை 2 அடியாவது தள்ளி நிறுத்தி, கூரையைப் பழைய சுவர்வரை நீட்டிவிடுவார்கள். அப்போது தூண் உள்ளளவில் இடத்தை எடுத்துக்கொள்ளும். 12 அடி என்று நினைத்தது 10 ஆவது இப்படித்தான். ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டக் கூடாது. தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால் பொறியாளர் முன்னிலையில், துண்டு துண்டாக, ஒன்றை நிரப்பிய பிறகே அடுத்தது.

இரண்டு, கூரை சேரும் கோடு. ஷெட் ஒழுகுகிறது என்று வரும் புகாரில் பெரும்பகுதி இந்த ஒரு கோட்டைப் பற்றியது. ஷீட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே சிலிக்கானை இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். சிலிக்கான் பூச்சின் மேல்தோலில்தான் ஒட்டியிருக்கிறது. பூச்சு தண்ணீர் குடிக்கும், வெயிலில் ஷீட் நீளும், மாலையில் சுருங்கும். ஒரு வருடத்தில் நகத்தால் உரித்தாலே வந்துவிடும். சரியான வேலை இது: சுவரில் ஷீட்டுக்கு 6 அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்ட வேண்டும். மடித்த தகட்டின் மேல் விளிம்பை அந்தக் காடிக்குள் செருகி ஆப்பு வைத்து அடைக்க வேண்டும். தகட்டின் கீழ்ப்பக்கம் ஷீட்டின் மேல் 6 அங்குலம் படிந்திருக்க வேண்டும், ஆனால் ஷீட்டோடு திருகப்படக் கூடாது. சுவர் அசையாது, ஷீட் அசையும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால் தகடு கிழியும். கொட்டேஷனில் இந்த வேலையைத் தனியாக ஒரு வரியில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கிடைக்கப்போவது சிலிக்கான்தான்.

கூரையின் சரிவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 10 பாகைச் சாய்வில் 12 அடிக்கு 2 அடி 1 அங்குலம் உயரும். வெளி ஓரம் 8 அடி என்றால் வீட்டுப் பக்கம் 10 அடிக்கு மேல் போகும், அங்கே சன்ஷேடோ மாடி ஜன்னலோ குறுக்கிடலாம். அதற்காகச் சாய்வைக் குறைத்தால் ஷீட்டின் ஒட்டு வழியே தண்ணீர் பின்வாங்கும்.

மூன்று, மண்ணுக்கடியில் இருப்பவை. வீட்டின் பக்கவாட்டு இடத்தில்தான் வழக்கமாகக் கழிவுநீர்த் தொட்டிகளும் குழாய்களும் ஓடும். அவற்றின் மேல் தரை போட்டுவிட்டால் அடைப்பு வரும்போது உடைக்க வேண்டும். தொட்டியை நகர்த்துவதே நல்லது. முடியாதென்றால் மூடியைத் தரைமட்டத்துக்கு உயர்த்தி, வண்டி ஏறும் பாரத்தைத் தாங்கும் கனமான மூடி போட வேண்டும். விலை பேசும் முன்பே இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டால், நடுவில் வரும் கூடுதல் பில்லைத் தவிர்க்கலாம்.

நான்கு, அந்தச் சுவரில் இருக்கும் ஜன்னல். அதை மூடினால் உள்ளறையின் வெளிச்சமும் காற்றும் போகும். திறந்தே விட்டால் வண்டிப் புகை உள்ளே வரும். கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் அந்தச் சுவர் வழியே வெளியேறினால் ஷெட் கட்டும் முன் அதை மாற்றியே ஆக வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே கதவு வைத்தால் தீயை அரைமணி நேரம் தாங்கும் கதவாக, தானாகச் சாத்திக்கொள்ளும் வகையில் இருக்கட்டும். ஷெட் தரை வீட்டுத் தரையைவிட 4 அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அந்த ஒரு படி அதைத் தடுக்கும்.

இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்தால் ஒட்டிய ஷெட்டும் தனி ஷெட்டும் செலவில் நெருங்கிவிடும். வசதிக்காக இதைத் தேர்ந்தெடுங்கள், மிச்சம் பிடிப்பதற்காக வேண்டாம்.

கூரை ஷீட்டா, தளமா

240 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் போட்டால் 100 கன அடி கான்கிரீட், சுமார் 250 கிலோ கம்பி. அதன் எடை 7 டன். ஷீட் கூரை சட்டத்தோடு சேர்த்தும் அதில் ஒரு சிறு பங்குதான். இந்த வித்தியாசம் தூணிலும் பீமிலும் கடைக்காலிலும் எதிரொலிக்கும். மேலே அறை எழுப்பப்போவது உறுதி என்றால் மட்டும் தளம், அப்போதும் தூண்களை அதற்கேற்ப இப்போதே வடிவமைக்க வேண்டும். வருங்காலத்தில் பார்க்கலாம் என்று சாதாரணத் தூண் மேல் தளம் போடுவது இரண்டுக்கும் உதவாத செலவு.

இரண்டு கார் ஷெட்டில் நடுத்தூண் இல்லாமல் 16 அடி ஒரே வாசல் கேட்பார்கள். பீமின் மீது விழும் வளைவு விசை இடைவெளியின் இருமடியில் கூடும்: 9 அடியிலிருந்து 16 அடிக்குப் போனால் மூன்று மடங்குக்கு மேல். நடுவில் தூண் வைத்து இரண்டு 9 அடி வாசல் விடுவது பீமிலும் கதவிலும் சேர்த்து மலிவாக முடியும். அதற்கு 20 அடி அகலம் இறுக்கம், 22 வேண்டும்.

தரை

ஷெட்டின் ஆயுள் தரையில்தான் இருக்கிறது, திருத்த முடியாததும் அதுவே. ஒன்றரை அடி பேஸ்மட்டம் நிரப்ப 240 சதுர அடிக்கு 360 கன அடி மண் வேண்டும். அது இறுகிய பிறகு உள்ள அளவு. லாரியில் வரும் தளர்ந்த மண் 450 கன அடியாவது பிடிக்கும். 360-க்கே விலை போட்டிருந்தால், ஒன்று கூடுதல் பில் வரும், அல்லது மண்ணை இடிக்காமலே நிரப்பிவிடுவார்கள். இரண்டாவதுதான் மோசம். 6 அங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து, இயந்திரத்தால் இடித்து, பிறகு அடுத்த 6 அங்குலம். ஒரே மூச்சில் கொட்டி மேலே திம்சு கட்டையால் தட்டினால் அடிமண் பிறகு இறங்கும், தரைக்குக் கீழே வெற்றிடம் விழும், சக்கரம் போகும் தடத்திலேயே விரிசல் வரும்.

அதன் மேல் 4 அங்குல ஜல்லிப் படுகை, 250 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு, பிறகு 4 அங்குல கான்கிரீட். சாதாரணக் காருக்கு 4 அங்குலம் போதும். கனமான வண்டிக்கு 5 அல்லது 6. அளவு 80 கன அடி, அதாவது 2.27 கன மீட்டர். எம்-20 தரத்துக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை வீதம் 18 மூட்டை சிமெண்ட். ஓர் அங்குலம் கூட்டினால் நாலைந்து மூட்டைதான் கூடும், கூலி கூடாது, தயங்காமல் கூட்டலாம். கம்பி வலை போட்டால் அது கான்கிரீட்டின் நடுவில் நிற்க வேண்டும். மண்ணில் படுத்துக்கிடக்கும் வலையால் ஒரு பயனும் இல்லை. வலையைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் கட்டைகளை வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் வருவதற்கு முன் குனிந்து பாருங்கள்.

வாசல் நோக்கி வாட்டம் 80-க்கு 1. 20 அடிக்கு 3 அங்குலம். அடுத்த நாளுக்குள் 10 அடிக்கு ஒரு கோடாக, ஓர் அங்குல ஆழம் வெட்டிவிட்டால் விரிசல் அந்தக் கோட்டுக்குள் அடங்கும். ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர் காட்ட வேண்டும். கதவு இறங்கும் கோட்டுக்கு வெளியே தரையை அரை அங்குலம் தாழ்த்திவிடுங்கள். சாரல் தண்ணீர் அந்தப் படியில் நின்றுவிடும், உள்ளே வராது. சாய்தளம் 8-க்கு 1-ஐவிடச் செங்குத்தாக இருந்தால் தாழ்வான வண்டியின் அடி உரசும்.

கதவு

ரோலிங் ஷட்டர் இடத்தை அடைக்காது, வாசலுக்கு மேல் சுருள்பெட்டிக்கு ஓர் அடிக்கு மேல் உயரம் மட்டும் கேட்கும். சத்தமும் தூசியும் இருக்கும். பகுதி பகுதியாக மடிந்து மேலே போகும் கதவு பார்வைக்கும் வெப்பத்தடுப்புக்கும் நல்லது; வாசலுக்கு மேல் 12 முதல் 15 அங்குலம், ஷெட்டின் உள்நோக்கிக் கதவின் உயரத்தைவிட 2 அடி கூடுதலான நீளம் தண்டவாளத்துக்கு வேண்டும். வாசலுக்கு மேல் வரும் லிண்டல் பீமை வழக்கமான உயரத்தில் போட்டுவிட்டுப் பிறகு கதவு தேடினால் இது பொருந்தாது. கதவை முதலில் தேர்ந்தெடுத்து, அதன் அளவுத்தாளை மேஸ்திரி கையில் கொடுத்த பிறகே லிண்டல். இரட்டைக் கதவு எல்லாவற்றிலும் மலிவு, பழுதும் குறைவு. முன்னால் 5 அடி காலியாக இருந்தால் போதும்.

மோட்டார் கதவைத் தூக்குவதில்லை; பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். மோட்டார் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் இதைச் செய்து பாருங்கள்: மோட்டாரின் கைப்பிடியை இழுத்து விடுவித்து, மடியும் கதவைக் கையால் பாதி உயரம் தூக்கி விட வேண்டும். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே விழுந்தாலும், மேலே ஓடினாலும் சரியில்லை; அந்தப் பாரம் மோட்டாரின் பல்சக்கரத்தில் இறங்கி, சீக்கிரமே அது தேயும். சாதாரண ஸ்பிரிங் 10,000 முறை திறந்து மூடும் கணக்கில் செய்யப்படுகிறது. நாளுக்கு நாலு முறை என்றால் ஏழு வருடம் கூட வராது, எனவே மாற்றும் செலவையும் சேர்த்தே கதவை விலை பாருங்கள். முறுக்கு ஏறிய ஸ்பிரிங்கை வீட்டில் யாரும் தொடக் கூடாது. தரையிலிருந்து 6 அங்குலத்தில் ஒளி சென்சார் இருக்க வேண்டும். குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் உள்ள வீட்டில் அதில்லாமல் தானியங்கிக் கதவே வேண்டாம்.

மின்சாரம்

தரை போடும் முன் ஒரு காலிக் குழாயைப் புதைத்துவிடுங்கள். மின்காருக்கு 32 ஆம்பியர், 7.4 கிலோவாட் சார்ஜர் வைப்பதென்றால் தனி இணைப்பு, 6 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்பு வயர், தூரம் அதிகமென்றால் 10, தனிக் கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச். வீட்டின் மொத்த மின்பளு அதைத் தாங்குமா என்பதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும்.

கொட்டேஷனும் பணம் கொடுப்பதும்

மொத்த ஒப்பந்தம் கொடுத்தால் தலைவலி குறைவு, ஆனால் தெளிவில்லாத ஒவ்வொரு வரியும் உங்களுக்கு எதிராகவே முடியும். கூலி ஒப்பந்தத்தில் பொருளை நீங்கள் வாங்க வேண்டும். நாளுக்கு ஒருமுறையாவது இடத்தில் நிற்க முடியாதவர்களுக்கு அது சரிப்படாது. எதுவானாலும் வழக்கமாக விடுபடுகிறவை இவை: தோண்டிய மண்ணை அப்புறப்படுத்துதல், நிரப்பு மண், மழைநீர் வடிகால், சுவரோரத் தகடு, பழைய சுவரின் பூச்சும் வண்ணமும், வாசலுக்கு வெளியே சாய்தளம், மோட்டார், அனுமதிக் கட்டணம். எல்லைச் சுவரிலிருந்து விட வேண்டிய இடம் இடத்துக்கு இடம் மாறும். அனுமதி கைக்கு வரும் முன் முன்பணம் கொடுக்க வேண்டாம். எல்லாம் எழுதிய பிறகும் மொத்தத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கையில் தனியே இருக்கட்டும்.

தவணையை நாள் கணக்கில் பிரிக்காமல் வேலையின் கட்டத்தில் பிரியுங்கள்: கடைக்கால் முடிந்ததும் ஒன்று, மண் இடித்து முடிந்து தரை போடும் முன் ஒன்று, கூரை ஏறியதும் ஒன்று, கதவு சோதித்ததும் ஒன்று. கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு நல்ல மழை பெய்து முடியும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மழை வராத காலமென்றால் வீட்டுச் சுவரும் கூரையும் சேரும் கோட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அரைமணி நேரம் ஹோஸில் தண்ணீர் அடித்து, உள்ளே நின்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.